கண்ணில் வெள்ளை, படத்தில் சாம்பல்: மலையில் படமெடுக்கக் கற்பவருக்கு

கோத்தகிரிக்கு வேலையாக வந்து ஒரு வருடம் ஆகிறது, செகண்ட் ஹேண்டில் ஒரு டிஎஸ்எல்ஆரும் 18-55 லென்ஸும் வாங்கியிருக்கிறேன், காலையில் தேயிலைத் தோட்டத்தின் மேல் இறங்கும் மூடுபனி நேரில் மயக்குகிறது, படத்தில் சாம்பல் பூத்துச் சப்பென்று வருகிறது, நல்ல கேமராவுக்கு மாறவா இல்லை எடிட்டிங் கற்றுக்கொள்ளவா என்று கேட்டிருக்கிறீர்கள். எதை வாங்குவது என்று கேட்பது போல இருந்தாலும், உங்கள் மனதில் இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். கண்ணால் பார்த்ததில் எது வழியில் தொலைந்துபோகிறது, அதைத் தொலையாமல் பிடிப்பது கேமராவின் வேலையா, என் வேலையா? உங்கள் வேலைதான். அதில் பாதிக்கு மேல் பட்டனை அழுத்துவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எடிட்டிங் அதற்கு அப்புறம் வருவது.

நான் ஃபிலிம் காலத்திலிருந்து குன்னூரில் ஸ்டூடியோ நடத்தியவன். கல்யாணப் படமும் பாஸ்போர்ட் படமும்தான் சோறு போட்டன. மலையும் தோட்டமும் மனிதர்களும் என் ஆசைக்கு எடுத்தவை. இப்போது கற்றுக்கொள்ள வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பறவை, காட்டுவிலங்கு எடுப்பது என் பழக்கத்தில் இல்லாதது, அதைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். உங்கள் படங்களையும் நான் பார்க்கவில்லை. ஆகவே உங்கள் படத்தில் இன்ன குறை என்று சுட்ட முடியாது. மூடுபனிப் படம் சாம்பலாக வருவதற்கு வழக்கமாக என்ன காரணம் என்று மட்டும் சொல்ல முடியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கேமராவுக்குள் இருக்கும் ஒளி அளவி, எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாமல்தான் அளக்கிறது. உலகத்தில் வெளிச்சமும் இருட்டும் கலந்து சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பலாக இருக்கும் என்பது அதன் கணக்கு. தெருவிலும் வீட்டிலும் அது பெரும்பாலும் பொருந்திவிடும். ஃப்ரேம் முழுக்க வெள்ளையாக மூடுபனி நிற்கும்போது, 'ஐயோ, வெளிச்சம் அதிகம்' என்று நினைத்து ஒளியைக் குறைத்து, வெள்ளையைச் சாம்பலுக்கு இறக்கிவிடுகிறது. சோலைக்குள் போய் எடுத்தால் இதற்கு நேர் எதிராக நடக்கும்: இருட்டாக இருக்க வேண்டிய பாசி படிந்த மரத்தண்டை வெளுக்க வைத்துவிடும். அந்த நடுச்சாம்பல் 18 சதவீதமா, 12, 13 சதவீதமா என்று பல காலமாக வாதம் நடக்கிறது. நமக்கு அது தேவையில்லை. கேமரா நடுவை நோக்கி இழுக்கும் என்று தெரிந்தால் போதும். எந்த விலைக் கேமராவாக இருந்தாலும் இப்படித்தான் இழுக்கும். புதிய மாடல்கள் காட்சியை ஓரளவு அடையாளம் கண்டு திருத்தப் பார்க்கின்றன, ஆனால் மூடுபனியில் அவையும் அடிக்கடி ஏமாறுகின்றன.

ஆகவே முதல் பாடம், உங்கள் கேமராவில் கூட்டலும் கழித்தலும் குறியிட்டிருக்கும் அந்தச் சின்னப் பட்டன். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்பார்கள். மூடுபனியில் அதை பிளஸ் 1க்குத் தள்ளி எடுங்கள். லேசான பனிக்கு முக்கால் போதும். எதிர் மரமே தெரியாத அளவுக்கு மேகம் இறங்கியிருந்தால் ஒன்றரை வரை கூடப் போகலாம். சோலைக்குள் மைனஸ் பக்கம் போங்கள். இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1940ஐ ஒட்டி அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸ், ஃப்ரெட் ஆர்ச்சர் என்ற இரண்டு புகைப்படக்காரர்கள் வகுத்த ஜோன் சிஸ்டத்தின் அடிப்படை இதுவேதான்: எந்தப் பொருள் படத்தில் எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று எடுப்பவர் முடிவு செய்கிறார், கருவி சொல்வதை அந்த முடிவுக்கு ஏற்பத் திருத்திக்கொள்கிறார்.

தள்ளியது சரியா என்று பார்க்க, பின்னால் உள்ள திரையை நம்பாதீர்கள். வெயிலில் அது இருட்டாகவும் விடியலில் பளிச்சென்றும் தெரியும். ஹிஸ்டோகிராமைத் திறந்து பாருங்கள், இடது ஓரத்து இருட்டு முதல் வலது ஓரத்து வெளிச்சம் வரை படத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடம் அது. நல்ல மூடுபனிப் படத்தின் மேடு வலது பக்கம் சாய்ந்து நிற்கும், ஆனால் வலது சுவரில் போய் முட்டாது. முட்டிவிட்டால் அந்த இடத்தில் விவரம் பதியாமலே போயிருக்கலாம், அப்படிப் போனதை எந்த மென்பொருளாலும் திரும்ப வரவழைக்க முடியாது. இதைப் பழக உங்கள் ஊரிலேயே ஓர் அருமையான நாள் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் பேரகணியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் படகர் மக்கள் வெள்ளை உடுத்திக் கூட்டம் கூட்டமாக வருவார்கள். வெயிலில் வெள்ளைத் துணி, நிழலில் வெள்ளைத் துணி, வயதானவர்களின் முகச்சுருக்கம் எல்லாம் ஒரே ஃப்ரேமில் இருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நீராவி எஞ்சினும் இதே மாதிரிப் பரீட்சைதான்: கரிய இரும்பு, வெள்ளை ஆவி. அங்கே ஆவி முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரும்பின் இருட்டை அப்புறம் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். சிவப்பு இன்னொரு விஷயம். கொழுந்து பறிக்கும் அம்மாக்களின் சிவப்பு ஸ்வெட்டரும், உயர்ந்த புல்வெளிகளில் பூக்கும் ரோடோடென்ட்ரானும், பொது ஹிஸ்டோகிராமில் பத்திரமாகத் தெரிந்தாலும் சிவப்புக்கான தனி வரைபடத்தில் முட்டியிருக்கும். இதழ் மடிப்பெல்லாம் தீட்டிய பெயின்ட் போல ஆகிவிடுவது அதனால்தான்.

அடுத்து, மூடுபனி வேறு, தூரத்து மலையில் நிற்கும் நீல மங்கல் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துத் திருத்தப் போவதால்தான் நிறையப் படங்கள் கெடுகின்றன. தூரத்து நீலம் காற்றில் உள்ள மிக நுண்ணிய துகள்களால் வருவது. அவை நீல ஒளியைச் சிவப்பைவிடப் பல மடங்கு அதிகமாகச் சிதறடிக்கும். மூடுபனியோ நீர்த்துளி. ஒளியின் அலைநீளத்தைவிட அந்தத் துளி பல மடங்கு பெரியது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. ஆகவே நீல மங்கலைக் குறைக்க வழி உண்டு. கறுப்பு வெள்ளை ஃபிலிம் காலத்தில் லென்ஸ் முன்னால் சிவப்பு ஃபில்டர் போட்டால் கோடநாடு காட்சிமுனையிலிருந்து ரங்கசாமி மலை கூர்மையாக வரும். இப்போது கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது நீலத்தை இறக்கிச் சிவப்பை ஏற்றினால் ஏறக்குறைய அதே பலன். மூடுபனியிடம் இந்த வித்தை எதுவும் செல்லாது. அது மறைத்ததை மறைத்ததுதான், படத்தை அதை வைத்தே அமைக்க வேண்டும்.

பருவமும் இதோடு சேர்ந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும். உங்கள் கோத்தகிரி பக்கச் சரிவுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழைதான் பிரதானம். மூடுபனி வேண்டுமானால் அந்த மாதங்கள். பிப்ரவரி, மார்ச்சில் தூசியும், சில வருடங்களில் காட்டுத்தீயின் புகையும் மோயாறு பக்கத்துப் பள்ளத்தாக்கை மூடிவிடும். அந்த நாட்களில் தூரக் காட்சிக்காக அலையாமல் பக்கத்தில் உள்ளதை எடுங்கள். பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, காற்று கழுவிவிட்ட மாதிரி இருக்கும். மலையடுக்குகளுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஊட்டி பக்கம் தலைகுந்தாவில் உறைபனி எடுக்க ஆசையிருந்தால் டிசம்பர், ஜனவரியில் வெயில் தொடும் முன்பே அங்கே நிற்க வேண்டும், வெயில் பட்டதும் புல்லில் எதுவும் மிஞ்சாது.

சாம்பல் பிரச்சினை தீர்ந்தாலும் படம் சப்பென்றே இருக்கலாம். அதற்குக் காரணம் கண். நேரில் பார்க்கும்போது எதிர்ச்சரிவில் ஒரு சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி மேகம் ஒதுங்குவதை மனம் பிடித்துக்கொள்கிறது, கண் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடுகிறது. லென்ஸ் எதையும் விடாது. அகலமாகக் காட்டும் 18இல் வைத்து எடுத்தால் அந்த மரம் தீக்குச்சி அளவுக்குப் போய், மின்கம்பியும் சாலைத் தடுப்பும் வெற்று வானமும் ஃப்ரேமை நிறைத்துவிடும். அதனால் கேமராவை எடுக்கும் முன் உங்களையே கேளுங்கள்: என்னை நிற்க வைத்தது எது? பதில் ஒரு பொருளாகவோ, ஒரு அசைவாகவோ, ஒரு வெளிச்சமாகவோ இருக்க வேண்டும். 'எல்லாமே அழகாக இருந்தது' என்பது பதில் ஆகாது. பதில் கிடைத்ததும் லென்ஸை 55க்குத் திருப்பி, அதைச் சுற்றி எதை வெட்டலாம் என்று பாருங்கள். மலையடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிவதற்கும் நீண்ட லென்ஸே உதவும். தோட்டத்தில் கவாத்து செய்த பகுதியும் கொழுந்து விட்ட பகுதியும் பக்கம் பக்கமாக இருக்கும் சரிவுகளைத் தேடுங்கள். பழுப்பும் பச்சையும் பாதைக் கோடுகளும் மூடுபனியிலும் உருவம் கொடுக்கும்.

கையாளும் விஷயங்களில் இரண்டைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். மூடுபனியில் ஆட்டோஃபோகஸ் பிடிமானம் இல்லாமல் முன்னும் பின்னும் தேடும், அதற்கு மாறுபாடு உள்ள விளிம்பு தேவை. ஒரு மரத்தண்டின் ஓரத்தில் ஃபோகஸ் புள்ளியை வையுங்கள், அதுவும் ஆகாவிட்டால் கையால் திருப்பிக்கொள்ளுங்கள். விடியலில் வெளிச்சம் குறைவு. 55இல் கையில் பிடித்து எடுத்தால் ஷட்டர் வேகம் நொடியில் 80இல் ஒரு பங்குக்குக் கீழே போகாமல் பாருங்கள், லென்ஸில் நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் இன்னும் குறையலாம். ஒளி நுழையும் திறப்பான அப்பெர்சர் எஃப் 8இல் இருந்தால் இந்த லென்ஸ் நன்றாகவே கூர்மை காட்டும். முக்காலி இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

எடிட்டிங்குக்கு வரும் முன் ஒரு ஃபில்டர் பற்றிச் சொல்ல வேண்டும். தேயிலை இலை மெழுகு பூசியது போல மினுங்கும், மழை ஈரம் இருந்தால் இன்னும் அதிகம். அந்த மினுக்கம் வானத்தின் வெள்ளையை இலை பிரதிபலிப்பது. அதற்கு அடியில் பச்சை மறைந்திருக்கிறது. போலரைசர் ஃபில்டரைத் திருப்பினால் மினுக்கம் குறைந்து பச்சை வெளியே வரும். மென்பொருளில் பச்சையை எவ்வளவு ஏற்றினாலும் இது கிடைக்காது, மறைந்த நிறம் பதிவே ஆகாததால். யூவி ஃபில்டருக்கு இந்த மதிப்பு இல்லை. உயரமான மலையில் அது அவசியம் என்ற பேச்சு ஃபிலிம் காலத்தது. டிஜிட்டல் சென்சாரின் முன்னால் புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி ஏற்கெனவே இருக்கிறது. லென்ஸுக்குக் கவசமாகப் போடலாம். அப்படிப் போட வேண்டுமா என்பதில் தொழில்காரர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை, நான் போடுவதில்லை.

சரி, எடிட்டிங். கேமராவை ரா வடிவத்துக்கு, அதாவது சென்சார் பதிந்ததைத் திருத்தாமல் சேமிக்கும் கோப்புக்கு, மாற்றுங்கள். வழக்கமான ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் இருட்டிலிருந்து வெளிச்சம் வரை 256 படிகள்தான். 12 பிட் ராவில் 4096, 14 பிட்டில் 16384. மூடுபனியில் வெள்ளைக்கும் கொஞ்சம் குறைந்த வெள்ளைக்கும் இடையேதான் படமே இருக்கிறது. அந்தக் குறுகிய இடத்தில் படிகள் குறைவாக இருந்தால், மாறுபாட்டை ஏற்றும்போது வானம் பட்டை பட்டையாக உடையும். மென்பொருளுக்கு லைட்ரூம்தான் வேண்டும் என்பதில்லை. டார்க்டேபிள், ரா தெரபி இரண்டும் இலவசம், கற்க மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். கைபேசியில் என்றால் ஸ்னாப்சீட் போதும்.

வரிசை முக்கியம். முதலில் சாய்வைச் சரிசெய்து, வெட்ட வேண்டியதை வெட்டுங்கள். வேண்டாத ஓரத்தை வைத்துக்கொண்டு வெளிச்சம் திருத்துவது வீண் வேலை. அடுத்து ஒயிட் பேலன்ஸ், அதாவது படம் நீலமாகச் சாய வேண்டுமா மஞ்சளாகச் சாய வேண்டுமா என்ற அளவு. கேமராவை ஆட்டோவில் விட்டால் விடியலின் பொன்னிறத்தைக் குறையென்று நினைத்துக் கழித்துவிடும். 5200, 5500 கெல்வினை ஒட்டிய பகல் அளவில் தொடங்கி, அன்று குளிர்ந்த நீலமாக இருந்ததா, வெயில் ஊடுருவி மஞ்சளாக இருந்ததா என்று நினைவுபடுத்தி அங்கிருந்து நகர்த்துங்கள். மூடுபனியில் நீலம் கொஞ்சம் இருப்பது இயல்பு, அதை முழுக்கத் துடைத்தால் குளிரே போய்விடும். அப்புறம் வெளிச்சம், பிறகு படத்தின் மிக வெளிச்சமான, மிக இருட்டான அளவுகளான வெள்ளைப் புள்ளி, கறுப்புப் புள்ளி. எல்லாப் படத்திலும் முழுக்கறுப்பு இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். மூடுபனிப் படத்தில் அது பொய்யாகிவிடும், ஏனென்றால் அந்த இடத்தில் முழுக்கறுப்பு இருக்கவே இல்லை. உங்களுக்கு மிக அருகில் நின்ற மரத்தை மட்டும் மென்பொருளின் மாஸ்க் வசதியால் தேர்ந்து அதன் இருட்டைக் கூட்டுங்கள். அது ஆழமாகும்போது பின்னால் இருப்பவை தாமாகவே தள்ளிப் போகும். படம் முழுவதற்கும் மாறுபாடு ஏற்றுவதைவிட இந்த ஒரு திருத்தம் அதிகம் செய்யும்.

மங்கலை நீக்குவதற்கென்று மென்பொருளில் டீஹேஸ் என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது, புதிதாக வருபவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் இழுக்கிறார்கள். நான் தொழில் கற்றது ஊட்டியிலிருந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையின் 'இந்து' ஃபிலிமும் பேப்பரும் புழங்கிய காலத்தில். டார்க் ரூமில் மங்கலான நெகடிவைப் பார்த்தால் மாறுபாட்டைக் கூட்டிக் காட்டும் ஹார்டு பேப்பரை எடுக்கக் கை துடிக்கும். அதில் அச்சிட்டால் மரம் கரியாகும், வானம் புகை படிந்த சுவராகும், பனி மட்டும் காணாமல் போயிருக்கும். டீஹேஸை அதிகம் இழுத்தாலும் அதே கதைதான், கூடவே சென்சாரில் ஒட்டிய தூசிப் புள்ளிகளும் வெள்ளைப் பரப்பில் முளைத்து நிற்கும். தூரத்து நீல மங்கலுக்கு அதைக் கொஞ்சம் பயன்படுத்துங்கள், மூடுபனிக்கு வேண்டாம். சொல்லப்போனால் அதைக் கழித்தல் பக்கம் லேசாக இழுத்தால் மூடுபனி சில சமயம் இன்னும் மென்மையாக, அழகாக வரும்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி ஒளியியலும் கருவியும், மறுக்க அதிகம் இல்லை. இனி சொல்வது என் ரசனை, உங்களுடையது வேறாக இருக்கலாம். தேயிலையின் பச்சையை நான் ஏற்றுவதே இல்லை, மஞ்சளையும் பச்சையையும் சற்று இறக்குவேன். இந்த மலையின் பச்சை பார்வைக்குத் தோன்றுவதைவிட அடக்கமானது என்பது என் அபிப்பிராயம். முக்கியப் பொருளை நடுவில் வைக்காமல் ஃப்ரேமின் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் வைக்கச் சொல்லும் விதியைப் பழகும்வரை வைத்துக்கொள்ளலாம். மூடுபனியில் ஒற்றை மரத்தை நட்ட நடுவில் வைத்த நல்ல படங்கள் ஏராளம். ஹிஸ்டோகிராமை எப்போதும் வலதுகோடி வரை தள்ளி எடு என்ற அறிவுரை பழைய சென்சார்களுக்கு நிறைய உதவியது. இப்போதைய சென்சார்களில் அவ்வளவு தள்ளுவதால் கிடைப்பது குறைவு, முட்டிவிடும் ஆபத்துதான் அதிகம் என்று நினைக்கிறேன்.

முடித்த படத்தை அன்றிரவே பகிராமல் மறுநாள் பகலில் பாருங்கள். இருட்டறையில் திரையைப் பளிச்சென்று வைத்துக்கொண்டு திருத்தினால் படத்தை இருட்டாக்கிவிடுவோம், அச்சில்தான் அது தெரியும். மாதம் ஒரு படமாவது அச்சுப் போடுங்கள். 8க்கு 12 அங்குலத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்றாலும், 2400க்கு 3600 பிக்சல் போதும். உங்கள் பழைய கேமராவில் அதற்கு மேலேயே இருக்கும். லேபில் கொடுக்கும்போது 'கரெக்‌ஷன் வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் இயந்திரம் உங்கள் வெள்ளைப் பனியை மறுபடியும் சாம்பலாக்கித் தரலாம்.

தோட்டத்தில் வேலை செய்பவர்களையும், மந்து என்னும் குடியிருப்புகளில் தோடர் வீடுகளையும் எடுக்கப் போவீர்கள். கேட்டுவிட்டு எடுங்கள். கூலிக்காகக் கொழுந்தை எடை போடும் நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நிற்காதீர்கள். 'அக்கா, ஒரு படம் எடுத்துக்கலாமா' என்று கேட்டு, வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். எடுத்தால் அடுத்த வாரம் ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள். அப்புறம் அவர்களே நல்ல வெளிச்சம் வரும் இடத்தைச் சொல்வார்கள். அவர்களைவிட அந்தச் சரிவைத் தெரிந்தவர் யாரும் இல்லை.

பழகுவதற்கு ஊர் ஊராகப் போக வேண்டாம். நீங்கள் வேலைக்குப் போகும் வழியில் ஒரு வளைவைத் தேர்ந்தெடுத்து, வெயிலிலும் மழையிலும் மேகத்திலும் அதே இடத்திலிருந்து எடுங்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல், வானம் திறந்த நாட்களில் எல்லாம் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். பொருள் ஒன்றாகவே இருப்பதால்தான் எது மாறுகிறது என்று அவர்களால் அளந்து சொல்ல முடிகிறது. உங்கள் வளைவும் மாறாது. மாறுவது வெளிச்சம் மட்டும், அதைத்தானே நீங்கள் கற்கப் போகிறீர்கள்.

கடைசியாக, பணம். புதுக் கேமரா இப்போது வேண்டாம். ஃபுல் ஃப்ரேம் என்ற பெரிய சென்சார் இருட்டில் உதவும், மூடுபனியின் சாம்பலுக்கு அதனிடம் தனி மருந்து இல்லை. செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் ஆடாத முக்காலி, அடுத்து போலரைசர், அதற்கும் மேல் கையில் இருந்தால் பழைய 55-250 லென்ஸ் ஒன்று. அந்த லென்ஸை வாங்கும் முன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். இந்த ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை நூல் நூலாகப் படர்ந்திருக்கும், படர்ந்த லென்ஸை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உங்களிடம் இருப்பதையும் தோல் பையில் வைத்து அலமாரியில் பூட்டாமல், மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்து மறுபடி போடலாம். சமையலுக்கு அந்த வாணலி வேண்டாம். பிளஸ் 1இல் எடுத்த படம் ஒன்று, பட்டனைத் தொடாமல் எடுத்தது ஒன்று, ஒரே இடம், ஒரே நிமிடம், இரண்டையும் திருத்தாமல் இங்கே போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.